கடைசி பெஞ்சுப் பையனும் பாரிஸ் டாக்டரும்



இந்த வாரம் நம்ம ஊர் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறொரு சரித்திரம் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து உட்காரும்போது பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்கள் வீட்டுக்கும் தேவைப்படக்கூடிய விஷயம் இருக்கிறது.

1988-இல் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். பெயர் சொல்ல மாட்டேன். அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லாமலே தெரியும். வகுப்பிலேயே உயரம் அவன்தான். பத்து வயதில் என் தோளுக்கு வந்துவிட்டான். கை கால் எல்லாம் நீளம், உடம்பில் சதையே கிடையாது. நெஞ்சுக்கூடு நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கும். விரல்கள் முருங்கைக்காய் போல நீண்டிருக்கும். அவனுக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். கேட்டும் கேட்காதது போல இருந்தேன். ஒரு நாள் நானும் சிரித்துவிட்டேன்.

உயரமான பிள்ளை பின்னால், குட்டையான பிள்ளை முன்னால் என்பது அப்போதைய வழக்கம். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். கரும்பலகையில் எழுதிப் போட்டால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். வாய்க்கணக்குக் கேட்டால் முதலில் சொல்வது அவன். அதையே பலகையில் போட்டால் தப்பு. திமிர் என்று நினைத்தேன். 'பார்த்து எழுதுறியா' என்று கேட்டு அந்த நீள விரல்களின் மேல் ஸ்கேலால் அடித்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

அவனுக்குக் கண் தெரியவில்லை. அது எனக்கு அடுத்த வருஷம், அவன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது. 'அதான் பலகை தெரியலை டீச்சர்' என்று அவன் வருத்தமே இல்லாமல் சொன்னான். அதோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

முடியவில்லை. படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. 33 வயதில், மாங்கனித் திருவிழா முடிந்த மறுவாரம், விடியற்காலையில் நெஞ்சு கிழிகிற மாதிரி வலி என்றானாம். வலி முதுகுப்பக்கம் இறங்கியது. வாயு என்று நினைத்து வெந்நீர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஹார்ட் அட்டாக் என்று எல்லோரும் சொன்னோம். அவன் அப்பாவும் நாற்பது ஆவதற்குள் அப்படித்தான் போனார். அந்த வம்சத்து ஆண்களுக்கு நாற்பது தாண்டாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். திருநள்ளாறு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவன் அம்மா எத்தனை சனிக்கிழமை அங்கே போய் எள் விளக்கு ஏற்றியிருப்பார் என்று கணக்கு இல்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். வேறு யாரும் வேறு வழி சொல்லாதபோது ஒரு தாய் என்ன செய்வாள்?

அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது 21 வயது. அப்பாவைப் போலவே உயரம், கனத்த கண்ணாடி. போன வருஷம் பார்வை திடீரென்று மங்கி, கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து விட்டுப் பார்த்த டாக்டரம்மா, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இடம் நகர்ந்து மேலே ஏறியிருக்கிறது என்றார். அதோடு விடவில்லை. கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார். அப்பா என்ன ஆனார் என்று கேட்டார். உடனே இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் வீங்கி, எப்போது வேண்டுமானாலும் கிழியும் நிலையில் இருந்தது.

டாக்டர் எழுதிக்கொடுத்த பெயர் மார்ஃபான் சிண்ட்ரோம்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம்தான் முதலில் வந்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார். அவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, 'இது பிரெஞ்சுக்காரன் பேரும்மா, கடைசி எழுத்தை மூக்கால சொல்லணும்' என்று சொல்லிக் காட்டினார். அன்றிலிருந்து கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். டாக்டர்களிடமும் கேட்டேன். பெயருக்குப் பின்னால் இருந்த கதை, நான் ஐந்தாம் வகுப்பில் செய்த தப்பையே பெரிய பெரிய ஆட்கள் செய்துகொண்டு வந்த கதை.

பாரிஸ், 1896

அந்துவான் மார்ஃபான் 1858-இல் தெற்கு பிரான்சில் காஸ்தெல்நொதரி என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர்தான். கிராமத்து வைத்தியத்தில் இருந்த கஷ்டம் தெரிந்ததாலோ என்னவோ, மகன் டாக்டராவதை அவர் முதலில் விரும்பவில்லையாம். மகன் விடாமல் படித்துப் பாரிசுக்குப் போனார். குழந்தை மருத்துவம் தனிப் படிப்பாகத் தலையெடுத்துக்கொண்டிருந்த காலம். காசநோய், தொண்டை அடைப்பான், குழந்தைகளுக்குக் கொடுக்கும் பால் என்று பலவற்றை ஆராய்ந்தவர். ஆனால் இன்று உலகம் அவர் பெயரைச் சொல்வது ஒரே ஒரு சிறுமியால்தான்.

1896-இல் பாரிஸ் மருத்துவர் சங்கக் கூட்டம் ஒன்றில் கெப்ரியேல் என்ற சிறுமியைப் பற்றி அவர் எடுத்துச் சொன்னார். அவளுக்கு ஐந்தரை வயது. பிறந்தபோதே விரல்கள் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்ததை அவள் அம்மா கவனித்திருந்தார். கை கால் எலும்புகள் வயதுக்கு மீறி நீண்டு மெலிந்திருந்தன. விரல்களை முழுக்க நீட்ட முடியவில்லை. சிலந்தியின் கால்களைப் போல இருப்பதாக மார்ஃபான் சொன்னார். கண்ணைப் பற்றியோ இதயத்தைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. குழந்தை டாக்டர் எலும்பைப் பார்த்தார். எலும்புதான் தெரிந்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1896-இல் நம் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. 1954 நவம்பர் 1 வரை அப்படித்தான். கெப்ரியேலும் நம் கொள்ளுப்பாட்டிகளும் ஒரே அரசாங்கத்தின் கீழ் வாழ்ந்தவர்கள். அதே அரசாங்கம் 1823-இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். அந்தக் காலத்தில் இந்தக் காரைக்கால் தெருக்களிலும் நீள விரலோடு ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். இந்த நோய் சுமார் 5000 பேருக்கு ஒருவருக்கு வரும் என்கிறார்கள். ஜாதி, மதம், நாடு, ஆண், பெண் வித்தியாசம் இதற்குக் கிடையாது.

ஆளுக்கு ஒரு துண்டு

1895 கடைசியில்தான் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1902-இல் மெரி, பாபொனெ என்ற இரண்டு டாக்டர்கள் அதே கெப்ரியேலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் எலும்பைத்தான் பார்த்தார்கள். அதே வருஷம் ஆஷார் என்பவர் வேறொரு நோயாளியைப் பார்த்துவிட்டு, சிலந்தி விரல் என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். பாருங்கள், பட்டப்பெயர் வைக்கும் பழக்கம் நம் வகுப்பறையோடு நிற்கவில்லை.

1914-இல் பொயர்கர் என்ற டாக்டர், இப்படி நீள விரல் உள்ளவர்களுக்குக் கண் லென்ஸ் இடம் மாறுவதும் சேர்ந்தே வருகிறது என்று எழுதினார். எலும்பும் கண்ணும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்தன. கெப்ரியேலைக் கூட்டத்தில் சொல்லி அதற்குள் 18 வருஷம் ஆகிவிட்டது.

1931-இல் ஹாலந்தில், உத்ரெக்ட் ஊரைச் சேர்ந்த கண் டாக்டர் வேவ் குடும்பங்களைத் தேடிப் பார்த்தார். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைகளுக்கு வருகிறது என்று கண்டுபிடித்தார். மார்ஃபான் பெயரை இந்த நோயோடு சேர்த்து எழுதியவரும் அவர்தான்.

இவ்வளவு ஆகியும் இதயம் வரவில்லை. 1943-இல்தான் அமெரிக்காவில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இந்த நோயாளிகளின் பெருந்தமனி வீங்குகிறது, கிழிகிறது என்று அவை சொல்லின. ஒன்றை எழுதியவர்களில் ஹெலன் தௌசிக் என்ற அம்மையாரும் ஒருவர். நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு மறுவருஷமே அறுவை வழி காட்டியவர் அவர். சின்ன வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறியவர், பின்னாளில் காதும் சரியாகக் கேட்கவில்லை. குழந்தைகளின் நெஞ்சில் கையை வைத்து இதயத் துடிப்பை அறிந்தவர். என்னைப் போன்ற ஆசிரியர்கள் மறக்கக் கூடாத பெயர்.

1896-இலிருந்து 1943 வரை 47 வருஷம். எலும்பு டாக்டர் எலும்பைப் பார்த்தார், கண் டாக்டர் கண்ணைப் பார்த்தார். உயிரை எடுப்பது ரத்தக்குழாய். அதுதான் கடைசியில் கண்ணில் பட்டது. நானும் அப்படித்தானே? நான் அவன் உயரத்தைப் பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரர் அவன் பவரைப் பார்த்தார். தெரு அவன் அப்பாவின் ஆயுசைப் பார்த்தது. மூன்றும் ஒன்றுதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நல்ல கேள்வி

துண்டுகளை எடுத்துக் கோத்தவர் விக்டர் மக்கூசிக். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர். 1955-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கேள்வி கேட்டார். கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் மெல்லிய இழைக்கும், இதயத்தை ஒட்டிய பெருந்தமனியின் சுவருக்கும் பொதுவாக இருப்பது எது? அது தெரிந்தால் இந்த நோயின் வேர் தெரிந்துவிடும் என்றார்.

பிள்ளைகளே, விடை தெரியாமலே சரியான கேள்வியைக் கேட்டுவிட முடியும். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. விடை வர 30 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1986-இல் லின் சகாய் என்ற விஞ்ஞானி தன் கூட்டாளிகளோடு ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு ஃபைப்ரிலின் என்று பெயர். உடம்பில் செல்களுக்கு நடுவே மிக நுண்ணிய நூலாக ஓடும் பொருள் அது. 1990-இல் ஃபின்லாந்துக்காரர்கள் இந்த நோய்க்கான மரபணு 15-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார்கள். 1991-இல் ஹால் டீட்ஸும் அவர் குழுவினரும் ஃபைப்ரிலினைச் செய்யும் மரபணுவில் ஏற்படும் பிழைதான் காரணம் என்று நிரூபித்தார்கள். அவரும் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ்தான்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். தூளியை உத்தரத்தில் கட்டுகிற மாதிரி, கண் லென்ஸை நாலாபக்கமும் நுண்ணிய கயிறுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்தக் கயிறே ஃபைப்ரிலின்தான். அது இற்றுப்போனால் லென்ஸ் நகர்கிறது. பெருந்தமனியின் சுவரிலும் அதே நூல்தான் ஓடுகிறது. இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ரத்தம் வந்து மோதும் இடம் அது. சைக்கிள் டயரில் ஓர் இடம் நைந்துபோனால் டியூப் அங்கே புடைத்துக்கொண்டு வெளியே வருமே, அது போலப் பெருந்தமனி புடைக்கிறது. எவ்வளவு புடைக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கிழியும். எலும்பு மிதமிஞ்சி வளர்வதும், மூட்டு தளர்ந்து வளைவதும், முதுகெலும்பு கோணுவதும் இந்த நூலின் கோளாறோடு சேர்ந்தவைதான்.

வேடிக்கை ஒன்று. கெப்ரியேலின் விவரங்களை மறுபடி படித்துப் பார்த்த பிற்கால டாக்டர்கள் பலர், அவளுக்கு இருந்தது இந்த நோயே இல்லை, இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரியான வேறொன்று என்கிறார்கள். விரலை நீட்ட முடியாமல் இருந்ததுதான் அதற்கு அடையாளம். அந்த இன்னொரு நோய் 1970-களில்தான் தனியாக அறியப்பட்டது. பெயர் மட்டும் மார்ஃபானிடமே தங்கிவிட்டது.

ஆயுசு எப்படி நீண்டது

1972-இல் மக்கூசிக் குழுவினர் ஒரு கணக்கு எடுத்தார்கள். இந்த நோயில் இறந்தவர்களின் சராசரி வயது 32. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நம் பையனுக்கு 33.

ஆனால் 1995-இல் வந்த இன்னொரு ஆய்வைப் பாருங்கள். 1972-இல் நோயாளிகளில் பாதிப் பேர் 48 வயதைத் தாண்டினார்கள் என்றால், 1993-இல் பாதிப் பேர் 72 வயதைத் தாண்டுகிறார்கள். இருபதே வருஷத்தில் இவ்வளவு மாற்றம். மரபணு மாறவில்லை. நேரத்துக்குப் பார்த்தார்கள், நேரத்துக்கு அறுத்தார்கள், அவ்வளவுதான்.

1968-இல் லண்டனில் பென்டால், டி போனோ என்ற இரண்டு அறுவை டாக்டர்கள் வீங்கிய பெருந்தமனியின் அடிப்பகுதியை எடுத்துவிட்டு, செயற்கைக் குழாயும் வால்வும் சேர்ந்த ஒன்றை வைத்துத் தைத்தார்கள். இன்றும் உலகம் முழுக்க அதற்கு பென்டால் ஆபரேஷன் என்றுதான் பெயர். அந்த மாதிரி உலோக வால்வு வைத்தால் ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். குழந்தை பெற வேண்டிய பெண்களுக்கு அது பெரிய சிக்கல். 1992-இல் கனடாவில் டிரோன் டேவிட் என்ற டாக்டர், சொந்த வால்வை அப்படியே வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றும் முறையைச் சொன்னார்.

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் பல வருஷம் பாடுபட்டு, நம் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஓர் இதய வால்வைச் செய்தார்கள். அதை முதல் நோயாளிக்குப் பொருத்தியது 1990 டிசம்பரில். அதற்கு முன்னால் செய்து பார்த்த வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுப்போயின. அவர்கள் விடவில்லை.

மருந்தும் உண்டு. ரத்தம் மோதும் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால் வீக்கம் மெதுவாகிறது என்று 1994-இல் ஓர் ஆய்வு காட்டியது. இன்றைக்கும் முதலில் எழுதுவது அந்த வகை மாத்திரைதான். நோயை அது எடுத்துவிடாது. ஆபரேஷனைத் தள்ளிப்போடும், உயிரைக் காக்கும்.

வாலிபால் ஆடும் பிள்ளைகளுக்காக இன்னொரு கதை. ஃப்ளோ ஹைமன் என்று அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஒருவர் இருந்தார். உயரம் ஆறடி ஐந்து அங்குலம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணியில் ஆடியவர். 1986 ஜனவரி 24-இல் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின் நடுவே, வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வயது 31. முதலில் ஹார்ட் அட்டாக் என்றார்கள். உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் பெருந்தமனி கிழிந்தது தெரிந்தது. உடனே அவர் குடும்பத்தாரைச் சோதித்தார்கள். தம்பிக்கும் அதே கோளாறு. ஆபரேஷன் செய்து அவரைக் காப்பாற்றினார்கள். அக்காவின் சாவு தம்பியைக் காத்தது. நம் ஊரில் அப்பாவின் சாவு பெண்ணைக் காத்திருக்க வேண்டும். நாம்தான் ஹார்ட் அட்டாக் என்று சொல்லி மூடிவிட்டோம்.

நம் பக்கத்துப் பேச்சுகள்

முழங்காலைத் தொடும் கையை ஆஜானுபாகு என்று கொண்டாடுகிற மண் இது. ராமனுக்கே அந்த அடையாளம் சொல்கிறோம். அமெரிக்க ஜனாதிபதி லிங்கனுக்கு மார்ஃபான் இருந்திருக்கும் என்று 1960-களில் சிலர் எழுதினார்கள். அது நிரூபிக்கப்படவில்லை. ஆகையால் உயரமான பிள்ளையைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். அழகான உயரமும் உண்டு, அப்பா உயரமாக இருந்தால் பிள்ளையும் உயரமாக இருப்பான்.

'சொந்தத்தில் கட்டினதால் வந்தது' என்று அந்தக் குடும்பத்தைப் பேசினார்கள். தப்பு. மார்ஃபானுக்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் தொடர்பு இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையா போடுகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுவது. நான்கில் ஒருவருக்கு வீட்டில் யாருக்கும் இல்லாமலே புதிதாக வரும். ஆண் வம்சம் என்பதும் தப்பு, பெண்ணுக்கும் அதே அளவு வரும்.

சொந்தத்தில் கட்டுவதால் வர வாய்ப்பு கூடும் இன்னொரு நோய் உண்டு. பெயர் ஹோமோசிஸ்டினூரியா. 1962-இல் கண்டுபிடித்தார்கள். பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். உயரம், மெலிவு, லென்ஸ் நகர்வது எல்லாம் உண்டு. இதில் லென்ஸ் பெரும்பாலும் கீழே இறங்கும், மார்ஃபானில் மேலே ஏறும். இதில் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கும். சுமார் பாதிப் பேருக்கு வைட்டமின் பி6 கொடுத்தாலே குணம் தெரியும். அக்கா மகள், மாமன் மகள் என்று கட்டிக்கொண்டு வரும் நம் போன்ற குடும்பங்களில் டாக்டர் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் என்ன பார்க்கலாம்

டாக்டர்களும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்.

ஒன்று: ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறுகையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு விரலும் ஒன்றின் மேல் ஒன்று நன்றாக ஏறிக்கொள்கிறதா?

இரண்டு: கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை மூடுங்கள். கட்டைவிரல் நுனி சுண்டுவிரல் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதா?

மூன்று: கைகளைப் பக்கவாட்டில் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து பாருங்கள். உயரத்தை விட அது மிக அதிகமா? 160 செ.மீ. உயரம் என்றால் 168-க்கு மேல் போகக்கூடாது.

இவை மட்டும் இருந்தால் நோய் என்று அர்த்தம் இல்லை. நன்றாக இருக்கும் பலருக்கும் இவை இருக்கும். ஆனால் இவற்றோடு கனத்த கண்ணாடி, குழிந்த அல்லது புடைத்த நெஞ்சு, கோணிய முதுகெலும்பு இருந்தாலோ, குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று போயிருந்தாலோ, ஒரு தடவை எக்கோ எடுத்துப் பாருங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, அரை மணி நேர வேலை. அப்படியே கண் டாக்டரிடம் மருந்து விட்டு லென்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். 2010-இல் உலக நிபுணர்கள் கூடிப் புதுப்பித்த விதிப்படி, பெருந்தமனி வீக்கமும் லென்ஸ் நகர்வும்தான் முக்கியமான இரண்டு அடையாளங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தாலே நோய் உறுதி. அதாவது கண்ணும் இதயமும் ஒன்றாகச் சாட்சி சொல்ல வேண்டும்.

நோய் உறுதியான பிள்ளைகள் கபடி, பளு தூக்குவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை எல்லாவற்றையும் விட வேண்டும். நடக்கலாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு மெதுவாக நீந்தலாம். பெண்பிள்ளைகள் கருத்தரிக்கும் முன்பே இதய டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவ காலத்தில் பெருந்தமனி கிழியும் அபாயம் அதிகம். நெஞ்சு கிழிகிற மாதிரி வலி வந்து முதுகுக்கு இறங்கினால் வெந்நீர் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டில் இந்த நோய் இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

அந்தப் பெண்

பெரியவர்களுக்குப் பெருந்தமனியின் அந்த இடம் 3 செ.மீ. சொச்சம் இருக்கும். 5-ஐ நெருங்கினால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். அவளுக்கு 5.1 இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் நடந்தது. சொந்த வால்வை வைத்துக்கொண்டே செய்யும் அந்த முறைதான். நன்றாக இருக்கிறாள். அவள் அத்தையையும் அத்தை பிள்ளைகளையும் சோதித்தார்கள். அத்தைக்கும் அவர் பையன் ஒருவனுக்கும் இருக்கிறது. அத்தைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரே வீட்டுக்குள்ளேயே இந்த நோய் ஒருவருக்குக் கடுமையாகவும் ஒருவருக்கு லேசாகவும் வரும். பையனுக்கு இப்போதே மாத்திரை தொடங்கிவிட்டார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ. அந்த வம்சத்துக்கு நாற்பது தாண்டாது என்ற பேச்சு இனிமேல் நம் தெருவில் எழ வேண்டாம்.

போன வாரம் பாட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மேசை மேல் கையை வைத்துக்கொண்டு பேசினாள். அதே விரல்கள். எனக்குத் தாங்கவில்லை. அவள் அப்பாவை நான் அடித்ததைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அப்பா அதைச் சொன்னதே இல்லை டீச்சர். கணக்கு உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்னு மட்டும் சொல்வார்' என்றாள்.

அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த வருஷத்திலிருந்து ஓய்வு பெறும் வரை, ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் கடைசி சுவரோரம் நிற்க வைத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் இடம் போட்டேன். உங்களில் பலருக்கு அது ஞாபகம் இருக்கும். ஏன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். உங்களில் பதினேழு பேர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள். உயரத்தைப் பார்த்து இடம் போடாதீர்கள், கண்ணைப் பார்த்துப் போடுங்கள். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையை அடிப்பதற்கு முன்னால் அவனுக்குப் பலகை தெரிகிறதா என்று கேளுங்கள்.

அவள் சம்மதத்தோடும் பாட்டியின் சம்மதத்தோடும்தான் இதை எழுதினேன். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. 1988 பிள்ளைகளே, கமெண்டில் அவன் பெயரை எழுதாதீர்கள். அந்தப் பட்டப்பெயரையும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காரைக்கால்.